நான்கு வட்டுகள் மீதான விசாரணை

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விசாரணைக் குழு போடுவார்கள், அதற்கும் நான்தான் போய் நாற்காலி நுனியில் உட்கார வேண்டும். கேரளத்தில் இருக்கிறது, நிர்வாகக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, லிஃப்டுக்கு ஒரு பூட்டும் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் சுகதன். மதிப்பெண் சரிபார்ப்புப் பிரிவில் உதவியாளன். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள், பெரும்பாலும் நர்சுகள், இங்கே படித்துத் தேறியது உண்மைதான் என்று அந்த நாட்டுக்காரர்களுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பழைய மதிப்பெண் பதிவேட்டின் படத்தைக் கணினியில் திறந்து, ஒப்பிட்டுப் பார்த்து, சான்றோடு சேர்த்து அங்கிருந்தே அனுப்ப வேண்டும். பதிவேடுகளையெல்லாம் படம் பிடித்து முடித்தவுடன் ஒரு விழா எடுத்து, அசலைக் கூழாக்க ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். விழாவில் துணைப் பதிவாளர் மாதவக்குறுப்பு சார், "காகிதத்தை நம்பின காலம் முடிஞ்சு போச்சு" என்றார். எதை நம்புகிற காலம் தொடங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை.

அந்தப் படங்கள் மூன்றாம் மாடியில், கணினி மையத்தில், நான்கு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. எங்கள் கோப்புகளில் அவற்றை வட்டுகள் என்றே எழுதுவோம். தனியாகப் பெட்டி எதுவும் வாங்காமல், நான்கையும் மென்பொருளாலேயே ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று செத்துப்போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுமாம். மையத்தின் இயக்குநர் லீலாம்பிகா டீச்சர் தன் கையால் கட்டியது அது, அதில் அவருக்குப் பெருமை அதிகம். அந்தக் கட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலேயே, நான்கு வட்டுகளையும் தொடக்கம் முதல் கடைசிவரை படித்து, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஞாயிறு என்பதால் அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

ஒரு மாதம் அந்தச் சோதனை திங்கட்கிழமை காலைக்கும் நீண்டுவிட்டது. அன்று பார்த்தா தரம் மதிப்பிட டெல்லியிலிருந்து ஆட்கள் வர வேண்டும்? அவர்கள் முன்னால் குறுப்பு சார் ஒரு பழைய பதிவேட்டைத் திறந்து காட்டப் போனார். திரையில் வட்டம் சுற்றியது. அது சுற்றி முடிப்பதற்குள் வந்தவர்கள் சாயா குடித்து, பழம்பொரி தின்று, கை கழுவி, கைக்குட்டையால் துடைத்தும் ஆகிவிட்டது. மத்தியானம் தானாகவே சரியாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் தானாகச் சரியாகும் எதையும் யாரும் நம்புவதில்லை.

குறுப்பு சார் உடனே கூட்டம் போட்டார்.

"காலையில மெதுவா இருந்துச்சு. மத்தியானம் சரியாப் போச்சு. அப்படின்னா நடுவுல எவனோ என்னமோ பண்ணியிருக்கான்."

"யாரும் ஒண்ணும் பண்ணல சார்" என்றார் லீலாம்பிகா டீச்சர். "மாசாமாசம் நடக்குற சோதனை. அது ஓடும்போது வட்டு பூரா அந்த வேலையிலதான் இருக்கும், நம்ம வேலை மெதுவாகும். முடிஞ்சதும் சரியாயிடும்."

"சோதனையில என்ன கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. நாலும் நல்லா இருக்கு."

"ஒண்ணும் இல்லாமலா மெதுவாச்சு? டீச்சரே, குத்தம் இல்லாத இடத்துல தாமதம் வராது. நான் இந்த ஆபீஸ்லயே பாதி ஆயுசைப் போட்டவன். தாமதத்தைப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை.

குறுப்பு சார் தலைமையில் குழு அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோதனை செல்லாது என்று முதல் நாளே முடிவானது. இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு தானே நற்சான்று கொடுத்தால் அதை எந்தக் கோப்பில் வைப்பது? ஆகவே குழுவின் மேற்பார்வையில் புதிய சோதனைக்கு உத்தரவானது. அது ஓட ஓட, எங்கள் பிரிவில் ஒரு பதிவேட்டைத் திறக்க ஆளை உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் பேச வேண்டியதாயிற்று. குழு அறிக்கை கொடுத்தது: நான்கு வட்டுகளிலும் குறை எதுவும் இல்லை, ஆனால் விசாரணை நடந்த காலத்தில் மெதுத்தன்மை கவலைக்குரிய அளவில் கூடியிருக்கிறது, எனவே இதைவிட ஆழமான விசாரணை தேவை.

அந்த வாரம்தான் ஜிஸ்மி வந்தாள். ஜிஸ்மி ஔசேப்பு, எங்கள் பல்கலைக்கழகத்தில் நர்சிங் படித்தவள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கு இடம் வைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் எங்கள் சான்று அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றாள்.

நான் அவள் பெயரைப் போட்டுத் தட்டினேன். வட்டம் சுற்றியது.

"சாரே, நெட் இல்லையா?"

"இருக்கு."

"கரண்ட்?"

"இருக்கு மோளே."

"அப்புறம் என்னதான் இல்ல?"

நாளைக்கு வரச் சொன்னேன். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். குடையை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். நர்சுகள் பார்க்கிற பார்வை அது. எங்கே ஊசி குத்தலாம் என்று பார்ப்பது போல இருக்கும்.

ஒரு நாள் மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சாரே, ஏதாவது எதிர்பார்க்கறீங்கன்னா நேராவே சொல்லிடுங்க. இந்த வட்டம் சுத்தற வித்தையெல்லாம் வேண்டாம்."

எனக்கு நெஞ்சில் குத்தியது போல இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர் கையிலும் நான் ஒரு சாயாகூட வாங்கிக் குடித்ததில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். மறுநாள் அவளே மனசு கேட்காமல் ஒரு பொட்டலம் பலாச்சுளை வற்றல் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "லஞ்சம் இல்ல, எங்க அம்மா வறுத்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பேபிச்சன் சார் நின்றிருந்தார்.

பேபிச்சன் சார் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆழமான விசாரணைக்காகவே அவரைக் கண்காணிப்பு அதிகாரியாகக் கொண்டுவந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று பெயர். வற்றல் பொட்டலத்தைத் தடயமாக எடுத்து, உறையில் போட்டு, அரக்கு வைத்து, தன் அலமாரியில் பூட்டினார். இரண்டாம் முறை நான் அதைப் பார்த்தபோது அரக்கு அப்படியே இருந்தது, உறை மட்டும் மெலிந்திருந்தது.

முந்தைய குழுவின் சோதனை நம்பத்தக்கதல்ல என்பதால் பேபிச்சன் சார் சொந்தமாக ஒரு சோதனை தொடங்கினார். அது இரவும் பகலும் ஓடியது. அதன் வேகத்தைக் கோடு கோடாகக் காட்டும் வரைபடத்தைக் கணினி மையத்தில் அச்செடுத்து வாங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தார். பிறகு கூட்டத்தைக் கூட்டினார்.

"எல்லாரும் இந்தக் கோட்டைப் பாருங்க. ராத்திரி பூரா சோதனை வேகமாப் போகுது. காலையில பத்து மணி, ஆபீஸ் ஆளுங்க வராங்க, சோதனை படுத்துடுது. மத்தியானம் சாப்பாட்டு நேரம், கொஞ்சம் எழும்புது. அஞ்சு மணி, ஆளுங்க வீட்டுக்குப் போறாங்க, மறுபடியும் பிச்சுக்கிட்டுப் போகுது. இதுல இருந்து என்ன தெரியுது?"

"சோதனை மரியாதையா நடந்துக்குதுன்னு தெரியுது" என்றார் லீலாம்பிகா டீச்சர். "ஜனங்க வேலை செய்யும்போது அது ஒதுங்கி வழி விடும். அப்படித்தான் அதை வெச்சிருக்கு."

"ஒதுங்குதா, ஒதுக்கறாங்களா? முப்பது திருடனைப் பிடிச்சவன் சொல்றேன் டீச்சரே. ஊழியர்கள் உள்ள வந்தா விசாரணை நொண்டுது. ஊழியர்கள் வெளிய போனா விசாரணை ஓடுது. இதைவிட சாட்சி வேணுமா? அதுவும் எந்தப் பிரிவு அதிகமாப் படம் திறக்குதுன்னு பார்த்தேன். சரிபார்ப்புப் பிரிவு. இதோ இந்த சுகதன். இவரு திறக்கத் திறக்க சோதனை திணறுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தினமும் காலையில் வந்து நான்தான் ஏதோ செய்கிறேனோ என்று.

அன்றே உத்தரவு வந்தது. வேலைக்காக விசாரணை வழி விடக் கூடாது, விசாரணைக்காக வேலைதான் வழி விட வேண்டும். எவ்வளவு பேர் வேலை செய்தாலும் சோதனையின் வேகம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று இயந்திரத்திலேயே பதித்துவிடும்படி டீச்சரிடம் சொன்னார்கள். டீச்சர் பதித்தார். அதன் பிறகு எங்கள் திரைகளில் வட்டம் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை.

இரவிலாவது சோதனை முழுதாக ஓடி முடிந்திருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். அங்கேதான் அனிருத்தன் தோழர் உள்ளே வந்தார். ஊழியர் சங்கச் செயலாளர். நிர்வாகக் கட்டடத்து முற்றத்தில் கொடிக்குக் கீழே நின்று அவர் பேசியதை நானும் மற்றவர்களோடு நின்று கேட்டேன், கையும் தட்டினேன்.

"தோழர்களே, ராத்திரி ராத்திரியா இயந்திரம் தனியா வேலை செய்யுது. பக்கத்துல ஒரு ஊழியர் இல்ல. இதை நாம அனுமதிச்சா என்ன ஆகும்? ஊழியர் இல்லாமலே இங்க வேலை நடக்கும்னு ஒரு தப்பான முன்னுதாரணம் ஆகும். நாளைக்குப் பகல்லயும் அப்படியே நடக்கட்டும்னு சொல்லுவாங்க. சங்கம் இதை ஒருக்காலும் ஒத்துக்காது."

பேச்சுவார்த்தை நடந்தது. இரவில் சாட்சி இல்லாமல் நடக்கும் சோதனையைப் பேபிச்சன் சாரும் விரும்பவில்லை. ஆச்சரியமாக, இரண்டு தரப்பும் ஒத்துப்போனார்கள். இனி சோதனை அலுவலக நேரத்தில் மட்டும் நடக்கும். பத்து மணிக்குப் பேபிச்சன் சார் ஒரு சாட்சியின் முன்னிலையில் தொடங்கி வைப்பார், ஐந்து மணிக்கு நிறுத்தி வைப்பார், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒன்று முடிந்தால், அதன் முடிவைச் சரிபார்க்க அடுத்த சோதனை தொடங்கும். ஐந்து மணிக்கு மேல் யாரும் எந்தப் பிரிவிலும் இருக்கக் கூடாது, இருந்தால் அவர் சந்தேகத்துக்குரியவர். இப்படியாக, நாங்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும் இயந்திரம் விசாரணையில் இருந்தது. இயந்திரம் சும்மா இருக்கும் நேரம் முழுவதும் நாங்கள் வீட்டில் இருந்தோம்.

மாதம் முடியப் போகிறது. ஜிஸ்மி பெஞ்சில் உட்காருவதையும் நிறுத்திவிட்டு என் மேசை முன்னாலேயே நிற்க ஆரம்பித்தாள். நான் பொறுக்க முடியாமல் லீலாம்பிகா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு நேராகக் குறுப்பு சார் அறைக்குப் போனார்.

"சார், மெதுவா இருக்கறதுக்குக் காரணம் சோதனைதான். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், பேபிச்சனுக்கும் தெரியும். நிறுத்தினா இந்த நிமிஷமே சரியாயிடும்."

குறுப்பு சார் மறுக்கவே இல்லை. சாய்ந்து உட்கார்ந்தார். "நிறுத்தலாமே. தாராளமா நிறுத்தலாம். யாரு கையெழுத்துப் போடறது?"

"தொடங்கும்போது யாரு போட்டாங்க?"

"தொடங்கறதுக்கு எதுக்கு டீச்சரே கையெழுத்து? விசாரணையைத் தொடங்கறது கடமை. நிறுத்தறதுதான் முடிவு. முடிவுன்னா ஒரு ஆள் வேணும். நாளைக்கே ஒரு வட்டு போச்சுன்னு வைங்க. சோதனையை நிறுத்தினவன் யாருன்னு கேப்பாங்க. அதுவே சோதனை ஓடிட்டிருக்கும்போது போச்சுன்னா, பாவம், பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்கன்னு சொல்லுவாங்க. நான் இவ்வளவு காலம் இந்த நாற்காலியில எப்படி இருக்கேன்னு நினைக்கறீங்க? ஒரு விசாரணையையும் நான் முடிச்சதில்ல." ஒரு வெள்ளைத்தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். "நீங்க போடறதுன்னா போடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

டீச்சர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது அவருக்கு. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியை மூடினார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என் சட்டைப்பையிலும் ஒரு பேனா இருந்தது, அதை நானும் எடுக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாளன்று ஹர்த்தால் அறிவித்தார்கள். எதற்காக என்பது மறந்துவிட்டது. அன்று கடை இல்லை, பஸ் இல்லை, அலுவலகம் இல்லை. காலையிலேயே ஜிஸ்மி போன் செய்தாள்.

"சாரே, இன்னைக்குத்தான் கடைசி. நான் வரேன். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?"

"ஹர்த்தால் மோளே. எப்படி வருவே?"

"நர்சு வர்றதுக்கு வழியா இல்ல? வண்டியில 'ஆஸ்பத்திரி'ன்னு பேப்பர் ஒட்டியாச்சு."

என் வீடு பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு அருகில். மடித்துக் கட்டிய வேட்டியோடு, பால் வாங்கப் போகிறவன் மாதிரி நடந்து போனேன். வாசல் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு திறந்துவிட்டார். ஜிஸ்மி எனக்கு முன்பே வந்து படியில் நின்றிருந்தாள், மற்றபடி கட்டடமே காலியாக இருந்தது. எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் கணினியைப் போட்டேன். எத்தனை தடவை வந்தும் வெறுங்கையோடு போன பெண், கடைசி நாளும் நான் வரவில்லை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

பெயரைத் தட்டினேன். பதிவேட்டின் படம் திரையில் வந்து நின்றது.

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். வட்டம் சுற்றவே இல்லை. இவ்வளவு சீக்கிரம் வருவது சரியான கோப்பாக இருக்க முடியாது என்று மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடியும் வந்து நின்றது. ஜிஸ்மியும் திரையருகே குனிந்து பார்த்தாள்.

"இது என்னோடதுதானா? வேற ஜிஸ்மி யாராவது இருக்காங்களா?"

"அப்பா பேரு ஔசேப்புதானே?"

"ஆமா."

"உடற்கூறியல் பேப்பர்ல ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணியிருக்கே."

"என்னோடதுதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து மணிக்குச் சோதனையைத் தொடங்கி வைக்கப் பேபிச்சன் சார் வரவில்லை. சாட்சி வரவில்லை. குழு வரவில்லை. யாருமே வராததால் இயந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒப்பிட்டேன், சான்றைத் தயார் செய்தேன், அனுப்பினேன். அயர்லாந்திலிருந்து கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. ஜிஸ்மி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"இவ்வளவுதானா வேலை?" என்று கேட்டாள். "இதுக்கா இத்தனை நாள்?"

அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அவள் அயர்லாந்து போய் வேலையில் சேர்ந்த பிறகுதான் பேபிச்சன் சார் மூக்கில் வியர்த்தது. ஹர்த்தால் நாளில் இயந்திரம் எந்தத் தாமதமும் இல்லாமல் ஓடியிருப்பதை வரைபடத்தில் கண்டுபிடித்தார். எனக்கு மெமோ வந்தது. அதிகாரிகள் யாரும் இல்லாத நாளில், சாட்சி இல்லாமல், இயந்திரத்தை வேகமாக இயங்கச் செய்தது ஏன் என்று விளக்க வேண்டும்.

விசாரணை அறையில் எல்லோரும் இருந்தார்கள். அனிருத்தன் தோழர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கருங்காலி" என்று மட்டும் சொன்னார்.

பேபிச்சன் சார் கேட்டார். "எவ்வளவு நேரத்துல திறந்துச்சு?"

"உடனே திறந்துச்சு சார்."

"அதுக்கு சாட்சி?"

"இல்ல."

"இந்தக் கட்டடத்துல எதுவும் உடனே திறந்ததா சரித்திரம் இல்ல. அதுவே சந்தேகத்துக்கு இடம்."

குறுப்பு சார் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பொண்ணு படிச்சதுல எனக்குச் சந்தேகம் இல்ல. சான்று போன முறைதான் தப்பு. அயர்லாந்துக்கு ஒரு கடிதம் எழுதி அந்தச் சான்றைத் திரும்பப் பெறுவோம். விசாரணை முடிஞ்சதும் முறைப்படி வேற ஒண்ணு அனுப்புவோம்."

இவர்கள் விசாரணை எப்போது முடியும்? சான்று திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு கடிதம் போனால், வார்டில் நிற்கிற பெண்ணை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"கடிதத்தோட பதிவேட்டுப் படத்தை இணைக்கணும், அதான் விதி" என்றார் குறுப்பு சார். "சுகதா, அந்தப் படத்தைத் திற."

திறந்தேன். வட்டம் சுற்றியது. காலை முதல் சோதனை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயா வந்தது, குடித்தோம். வட்டம் சுற்றியது.

லீலாம்பிகா டீச்சர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "போதும் சார். ஒரு பாவப்பட்ட ஆளை, வேலையைச் செஞ்சதுக்காக நிக்க வெச்சிருக்கோம். தாளைக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். சோதனையை இப்பவே நிறுத்தறேன். எல்லாம் திறக்கட்டும், எல்லாரும் பாருங்க, யாரு மேல தப்புன்னு."

பேனா மூடி திறந்துவிட்டது. எத்தனை நாளாக நான் காத்திருந்த கையெழுத்து. சோதனை நின்றால் படம் திறக்கும். படம் திறந்தால் கடிதம் போகும்.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அந்த மூணாவது வட்டு மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"என்ன சந்தேகம்?" என்றார் பேபிச்சன் சார். ஏறக்குறைய அன்பாகவே கேட்டார்.

"ஹர்த்தால் அன்னைக்கு அது ரொம்ப நல்லா நடந்துக்கிச்சு சார். அவ்வளவு நல்லா நடந்துக்க வேண்டிய அவசியம் என்ன?"

குறுப்பு சார் மேசையைத் தட்டினார். "இதைத்தான் நான் முதல் நாள்ல இருந்து சொல்றேன்."

டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். மூன்றாவது வட்டில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. பிறகு அவர் பார்வை திரையில் சுற்றும் வட்டத்துக்குப் போனது, மேசையில் கிடந்த கடித வரைவுக்குப் போனது. மெல்ல உட்கார்ந்து பேனாவை மூடினார்.

"சுகதன் சொல்றதுல விஷயம் இருக்கு" என்றார். "சோதனையை நிறுத்தறது ஆபத்து."

என் மீதான நடவடிக்கை, சோதனை முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. அயர்லாந்துக் கடிதம், படம் திறக்கும்வரை ஒத்திவைக்கப்பட்டது. விழிப்புணர்வோடு நடந்துகொண்டதற்காக என்னைக் குழுவில் நிரந்தரச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள். போன வாரம் ஜிஸ்மி போன் செய்தாள். "அங்க எல்லாம் எப்படிப் போகுது சாரே?" என்று கேட்டாள். "பழையபடி மெதுவாத்தான் போகுது மோளே, நீ கவலைப்படாதே" என்றேன்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு முன்பே மூன்றாம் மாடியில் போய் நின்றுவிடுகிறேன். பேபிச்சன் சார் வரத் தாமதமானால் போன் செய்து கூப்பிடுகிறேன். அடுத்த ஹர்த்தால் எப்போது என்று நாளிதழில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்று நான் தனியாக வந்து சோதனையைத் தொடங்கி வைக்கத் தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கையெழுத்தும் போட்டுத்தான் கொடுத்தேன்.